ஏலமலைக் குடில்களும் கரடிகளும்

கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயல்களிலிருந்து மேற்கே செங்குத்தாக எழும் மலைத்தொடரைக் கம்பம்மெட்டுப் பாதை வழியாக ஏறிக் கடந்தால், சிகரத்துக்கு அப்பால் மேடும் பள்ளமுமாக விரிகின்ற ஏலமலைப் பிரதேசத்தில் வண்டன்மேடு அமைந்திருக்கிறது. ஏலக்காய் வியாபாரத்தில் தேசமெங்கும் அறியப்பட்ட பெயர் அது; அதனருகே புற்றடியில் நடக்கும் ஏலத்தில் நிர்ணயமாகும் விலையைத்தான் போடிநாயக்கனூரிலும் கும்பகோணத்திலும் தில்லியிலும் உள்ள வர்த்தகர்கள் கேட்டறிகிறார்கள். இந்த மலையின் சரித்திரத்தை எழுதியவர்கள் வரியைப் பற்றியும் விலையைப் பற்றியும் எல்லைத் தகராற்றைப் பற்றியும் விஸ்தாரமாக எழுதியிருக்கிறார்கள். அந்தக் காட்டுக்குள் ஒரு குடும்பம் அடுப்பு மூட்டி வாழ்ந்த குடில் எப்படிக் கட்டப்பட்டது, அதில் அரிசியும் எண்ணெயும் எங்கே வைக்கப்பட்டன, ஆளில்லாத மாதங்களில் அதற்கு என்ன நேர்ந்தது, கரடியும் யானையும் அதைக் கலைத்துப் போட்டுவிட்டுப் போனபின் ஜனங்கள் என்ன செய்தார்கள் என்ற விஷயங்களோ அவர்கள் ஏடுகளில் அநேகமாக இடம் பெறவில்லை. ஒரு பிரதேசத்தில் மனிதன் எவ்வாறு வாழ்ந்தான் என்பதை இந்தச் சிறு விஷயங்களே உள்ளபடி காட்டுகின்றன என்பது என் திடமான எண்ணம்.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஏலக்காய் நெடுங்காலம் சர்க்காரின் ஏகபோகச் சரக்காக இருந்தது. மலையில் காய் விளைவித்தவன் அதை வேறு யாருக்கும் விற்கலாகாது. சர்க்கார் பண்டகசாலையில் அளந்து ஒப்புவித்துத் தனக்கென்று விதிக்கப்பட்ட பங்கைப் பெற்றுக்கொள்ள வேண்டும். சேர்ந்த சரக்கு ஆலப்புழைக்குக் கொண்டு போகப்பட்டு அங்கே ஏலத்தில் விலையாகும். ஆலப்புழைப் பச்சை ஏலம் என்று உலகச் சந்தையில் இன்றும் வழங்கும் பெயர் அந்தக் காலத்து ஏற்பாட்டின் அடையாளம். 1822-ஆம் ஆண்டில், ரீஜெண்டாக ஆட்சி செலுத்திய ராணி கௌரி பார்வதி பாயியின் அரசு, ஏலம் பயிரிட மலைக்கு வரும் குடிகளுக்கு ஆதரவு அளிப்பதாக ஒரு விளம்பரம் வெளியிட்டது. அப்படி மலையேறி வந்தவர்களில் பெரும்பாலோர் சமஸ்தானத்துப் பிரஜைகள் அல்லர். கிழக்கே ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த மதுரை ஜில்லாவின் கம்பம், கூடலூர், போடி வட்டாரங்களைச் சேர்ந்த தமிழ்க் குடியானவர்கள். அவர்களுடைய வீடும் வயலும் குலதெய்வமும் கீழே பள்ளத்தாக்கில் இருந்தன. மலையில் இருந்தவை ஏலக்காடும், அந்த ஏலக்காட்டுக்காக வருஷத்தில் சில மாதங்கள் தங்குவதற்கு ஒரு குடிலும் மாத்திரமே.

அக்காலத்து ஏல விவசாயம் இன்று நாம் காணும் தோட்ட விவசாயத்தைப் போன்றதன்று. நாற்றங்கால் இல்லை, உரம் இல்லை. ஈரப்பதம் நிறைந்த சோலைக்குள் புகுந்து, கீழே அடர்ந்த செடிகொடிகளை அகற்றி, ஓங்கி நின்ற பெருமரங்களில் சிலவற்றை வெட்டிச் சாய்ப்பார்கள்; வெயில் சற்றே விழுந்த அந்த இடங்களில், மண்ணில் ஏற்கெனவே கிடந்த விதைகள் முளைத்து ஏலச்செடிகள் தாமாக எழும்பும். மரம் விழுகிற அதிர்ச்சியினால்தான் பூமி ஏலத்தைப் பெறுகிறது என்று நம்பியவர்களும் உண்டு. செடி காய்ப்புக்கு வருவதற்கு மூன்று நான்கு வருஷங்கள் ஆகும். அதன்பின் வருஷத்துக்கு ஒரு முறை களையெடுப்பும், ஐப்பசி கார்த்திகையை ஒட்டிய மாதங்களில் காய் எடுப்பும் என்று வேலை அமையும். விஷஜுரத்துக்கு அஞ்சிய குடியானவர்கள் வேலை முடிந்த மறுநாளே மலையிறங்கினார்கள். ஆகவே அவர்களுடைய குடில் வருஷத்தில் பாதிக்கு மேற்பட்ட காலம் மனித வாடையே இல்லாமல் காட்டின் நடுவில் தனியே நின்றது.

அந்தக் குடிலின் அமைப்பைக் கவனித்தால் அதைக் கட்டினவர்களின் மனம் விளங்கும். கவையுள்ள மரக்கால்கள் நான்கு, அவற்றின்மேல் குறுக்குக் கம்புகள், சுற்றிலும் ஈற்றை மூங்கிலைப் பிளந்து பின்னிய தட்டி, கூரைக்கு ஈற்றை இலையோ காட்டுப் புல்லோ, கட்டுவதற்குக் காட்டுக்கொடி. ஆணி ஒன்று கூட இல்லை. இரண்டு பேர் இரண்டொரு நாளில் எழுப்பிவிடக்கூடிய வீடு அது. அடுத்த பருவத்தில் திரும்பி வரும்போது கூரை சரிந்திருக்கும், தட்டி கிழிந்திருக்கும், சில வேளைகளில் யானை நடந்துபோன தடத்தில் நான்கு கால்களில் ஒன்றுகூட நிமிர்ந்திராது. அதைக் கண்டு அவர்கள் மனமுடைந்து போகக் காரணமில்லை. வேலையின் முதல் நாட்களில் ஒரு பகுதி குடிலைச் செப்பனிடுவதற்கென்றே கணக்கில் ஒதுக்கப்பட்டிருந்தது. விலையுயர்ந்த பொருள் எதையும் அவர்கள் அங்கே விட்டுப் போகவில்லை. அரிசியை மிச்சம் வைத்துவிட்டுப் போகவில்லை. சேதம் வரும் என்பதை முன்னமே ஒப்புக்கொண்டு, சேதமடைவதற்கு ஏற்றாற்போலவே கட்டப்பட்ட வீடு என்று அதைச் சொல்ல வேண்டும். அதைக் கட்டியவர்களின் ஏழ்மையைவிட அவர்களுடைய அறிவையே அதில் நான் அதிகமாகக் காண்கிறேன்.

இங்கே கரடியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வது அவசியம். யானையும் புலியும் பெற்ற கீர்த்தியை அது பெறவில்லை. வேட்டைப் புஸ்தகங்களிலும் அதற்கு இரண்டாந்தர இடமே. ஆனால் பீருமேட்டுக்கருகே ஒரு கரடிக்குழியும், மூணாற்றை நோக்கிச் செல்லும் பாதையில் ஒரு கரடிப்பாறையும் இருப்பதை நோக்கினால், இந்த மலைகளில் நடமாடிய ஜனங்கள் அதை எத்தனை நெருக்கமாக அறிந்திருந்தார்கள் என்பது தெரியும். தமிழர்களுக்கு இந்தப் பிராணி சங்க காலம் முதல் பரிச்சயமானது. எண்கு என்றும் உளியம் என்றும் பழம்புலவர்கள் குறித்த இதே கரடி புற்றைத் தோண்டிக் கரையானின் சோற்றை உண்பதையும், உதிர்ந்த இலுப்பைப் பூவைக் கூட்டமாக வந்து பொறுக்குவதையும் அகநானூற்றுப் பாடல்கள் சில மிகத் துல்லியமாகக் கண்டு சொல்லியிருக்கின்றன. ஐரோப்பிய சாஸ்திரக்ஞரான ஜார்ஜ் ஷா 1791-இல் இந்தப் பிராணிக்கு முதன்முதல் சாஸ்திரப் பெயர் சூட்டியபோது, அதன் நீண்ட நகங்களைக் கண்டு மயங்கி, தென் அமெரிக்காவில் மரத்தில் தொங்கி வாழும் வேறொரு பிராணியின் இனத்தோடு அதைச் சேர்த்துவிட்டார். நம் புலவர்களோ அது என்ன தின்கிறது என்பதைக் கொண்டே அதை அறிந்திருந்தார்கள்.

கரடியின் உடல் முழுதும் கரையானுக்காகவே சிருஷ்டிக்கப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது. மேல்தாடையின் நடுவே இருக்க வேண்டிய முன்பற்கள் இரண்டும் அதற்குக் கிடையா. அந்த இடைவெளி வழியாக மூச்சை இழுத்து, புற்றினுள்ளிருந்து கரையான்களை உறிஞ்சி எடுக்கிறது. அவ்வாறு உறிஞ்சும் சத்தம் அமைதியான இரவில் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். வளைந்த நகங்கள் ஒரு மனிதனின் விரல் நீளம் இருக்கும். மூக்கில் தூசி புகாதபடி நாசித் துவாரங்களை வேண்டியபோது மூடிக்கொள்ளவும் அதனால் முடியும். கண் மந்தம், காதும் அவ்வளவு கூர்மையன்று, மோப்பமோ அபாரமானது. குளிர் தேசத்துக் கரடிகளைப் போல இது மாதக்கணக்காக உறங்குவதில்லை. ஆகவே வருஷம் பன்னிரண்டு மாதமும் இதற்கு ஆகாரம் வேண்டும். கரையான் கிடைக்காத காலத்தில் அத்தி, கொன்றை, இலந்தை, பலா ஆகியவற்றின் பழங்களும், தேனும் இதன் உணவு. மலைத்தேனுக்காக மரமேறும், தேனீக்கள் கொட்டுவதைப் பொருட்படுத்தாது.

இத்தகைய பிராணியின் கண்ணால், அல்ல, அதன் மூக்கால் அந்தத் தனிக்குடிலை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். மண் மெழுகிய தரையிலும் தட்டியின் அடியிலும் மழைக்காலம் கழிவதற்குள் கரையான் ஏறிவிடும். அடுப்படியில் சிந்திய எண்ணெயின் வாசனை மாதக்கணக்கில் மாறாது. கருப்பட்டி வைத்த மூலையில் எறும்பு மொய்த்திருக்கும். மனிதனுக்கு அது வீடு. கரடிக்கோ புற்றும் தேனடையும் கனிமரமும் ஒரே இடத்தில் சேர்ந்த அபூர்வமான ஸ்தலம். அது விரோதத்தினால் வீட்டை உடைக்கிறது என்று எண்ணுவது பிராணியை அறியாதவர்களின் பேச்சு.

ஏலத்தோட்டம் ஒன்றில் கரடி புகுந்துபோன காவல் ஷெட்டு ஒன்றை ஒருமுறை பார்க்க நேர்ந்தது. பலகைக் கதவின் அடிப்பாகத்தில், முழங்கால் உயரத்துக்குக் கீழே, ஐந்தைந்தாக இணைகோடுகள் உளியால் இழுத்தாற்போல் ஆழமாக விழுந்திருந்தன. பூட்டு பூட்டியபடியே தொங்கியது. கதவின் கீழ்ப்பலகைகள் மட்டும் பிளந்து உள்ளே தள்ளப்பட்டிருந்தன. பிளந்த பலகையின் ஆணியில் முரட்டுக் கறுப்பு ரோமம் ஒரு கற்றை சிக்கியிருந்தது. உள்ளே நல்லெண்ணெய்த் தகரம் நசுங்கிக் கிடந்தது. அதன் இரு பக்கங்களிலும் கோரைப்பற்கள் இறங்கிய நான்கு துவாரங்கள். ஒரு சொட்டு எண்ணெய் மிச்சமில்லை, தரையில் சிந்திய இடத்தில் மண்ணையே நக்கியெடுத்திருந்தது. உப்புப் பானை உருண்டிருந்ததேயொழிய உடையவில்லை. மண்ணெண்ணெய் போத்தல் வைத்த இடத்திலேயே நின்றது. மூலையில் சுவர் ஒரு முழ ஆழத்துக்குத் தோண்டப்பட்டிருந்தது. அங்கே கரையான் இருந்திருக்க வேண்டும். கூட வந்த பெரியவர், கம்பத்துக்காரர், எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, புதிதாக வேலைக்கு வந்த இளைஞனிடம் சொன்னார்: "அரிசிய மேல கட்டித் தொங்க விடுப்பா. எண்ணெயும் கருப்பட்டியும் ராத்திரி இங்க இருக்கக் கூடாது. அது நம்மளத் தேடி வரல, அதத் தேடித்தான் வந்துச்சு." காட்டிலாகாவினர் துண்டுப் பிரசுரங்களில் எழுதும் எச்சரிக்கைகளின் சாரம் முழுவதும் அந்த மூன்று வாக்கியங்களில் அடங்கிவிட்டது.

இந்த அறிவு கம்பத்துக் குடியானவர்கள் மாத்திரம் சுயமாகக் கண்டதன்று. அவர்களுக்கு முன்பே இந்த மலைகளைத் தாயகமாகக் கொண்டிருந்த மன்னான், முதுவான், பளியர், ஊராளி முதலிய ஆதிக்குடிகள் இங்கே வாழும் வகையை வகுத்து வைத்திருந்தார்கள். கட்டப்பனைக்கு அருகே கோழிமலையில் மன்னான்களின் ராஜா இன்றும் உண்டு. முதுவான்கள் தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். பளியர்கள் தேன் எடுப்பதில் நிபுணர்கள், ஆகையால் கரடியோடு ஒரே மரத்துக்குப் போட்டியிட்டவர்கள். இவர்களுள் ஊராளிகளின் மரவீட்டைப் பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாதிரியான சாமுவேல் மட்டீரும், அவருக்குப் பின் திருவிதாங்கூரின் ஆதிக்குடிகளை ஆராய்ந்த எல். ஏ. கிருஷ்ண ஐயரும் வியந்து எழுதியிருக்கிறார்கள். தரைக்கு வெகு உயரத்தில், கிளைகள் பிரியும் இடத்தில் மூங்கில் தளமிட்டு, ஈற்றைத் தட்டி சூழ்ந்து, கூரை வேய்ந்து, கணு விட்டு நறுக்கிய ஒற்றை மூங்கிலையே ஏணியாகச் சார்த்தி, இரவில் குடும்பத்தோடு அதில் ஏறிப் படுத்துக்கொள்வார்கள். மலையாளத்தில் இதை ஏறுமாடம் என்பார்கள். புனத்தில் தினையோ கேழ்வரகோ முற்றும் பருவத்தில் அதுவே காவற்பரணாகவும் உதவும். வள்ளி தினைப்புனம் காத்த பரணை நாம் காதல் கதையின் களமாகவே நினைத்துப் பழகிவிட்டோம். மலைக்குடிகளுக்கு அது உயிரும் உணவும் காக்கும் சாதனம்.

ஏறுமாடம் யானைக்கு எதிராகவே பிரதானமாக ஏற்பட்டது. கரடி மரமேறத் தெரிந்த பிராணியாதலால் உயரம் ஒன்றே அதைத் தடுத்துவிடாது. வழுவழுப்பான ஒற்றை மூங்கிலும், கீழே இரவெல்லாம் புகையும் நெருப்பும், மனிதர் பேசும் குரலுமே அதைத் தடுத்தன. பூமியின் மறுகோடியில், அலாஸ்காவின் காட்டுவாசிகளும் வேட்டைக்காரர்களும் இதே சங்கடத்துக்கு இதே உபாயத்தையே கண்டார்கள் என்பது யோசிக்கத்தக்கது. அவர்கள் தாம் வசிக்கும் மரக்குடிலுக்குச் சற்று விலகி, உயரமான நான்கு கம்பங்களின்மேல் ஒரு சிறிய அறை கட்டி, மாமிசத்தையும் மாவையும் அதில் வைத்து, ஏணியை எடுத்து அப்புறப்படுத்திவிடுவார்கள். கரடி பற்றி ஏறாதபடி கம்பங்களைச் சுற்றித் தகரம் அடித்துவிடுவதும் உண்டு. ஸ்காண்டிநேவியாவின் வடகோடியில் சாமி ஜனங்களின் உணவறை ஒற்றை மரக்கம்பத்தின்மேல் நிற்கும். மனிதன் கீழே படுத்து உணவை மேலே ஏற்றினான் அங்கே. மனிதனே உணவோடு மேலே ஏறினான் இங்கே. யானை இல்லாத தேசத்துக்கும் உள்ள தேசத்துக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

1896-இல் சமஸ்தானம் ஏலக்காயின் மீதிருந்த ஏகபோகத்தைக் கைவிட்டு, நிலத்துக்கு வரி விதிக்கும் முறையை மேற்கொண்டது. சரித்திர ஆசிரியர்கள் இதை வருமானச் சீர்திருத்தமாகவே பார்க்கிறார்கள். குடிலின் விதியை மாற்றியதும் இதுவே என்று நான் சொல்வேன். காய் தனக்கே சொந்தம் என்றானவுடன், அதை உலர்த்தவும் சேமிக்கவும் காக்கவும் வேண்டிய பொறுப்பும் குடியானவனுக்கே வந்து சேர்ந்தது. வெயிலில் உலர்த்தினால் காயின் பச்சை நிறம் வெளுத்துவிடும். ஆகவே விறகு அடுப்பின் சூட்டைக் குழாய்களின் வழியே அறைக்குள் செலுத்திக் காயை உலர்த்தும் ஸ்டோர்கள் காலக்கிரமத்தில் எழுந்தன. ஸ்டோர் என்றால் கல் சுவர், தகரக் கூரை, மரக் கதவு. ஸ்டோர் இருக்குமிடத்தில் கங்காணி, காவல்காரர், அவர்களுடைய குடும்பங்கள், ஆடு கோழிகள், வருஷம் முழுவதற்கும் அரிசி. பருவத்துக்கு வந்து போன குடில், ஸ்திரமான வீடாக மாறியது. விட்டுவிட்டுப் போக முடியாத வீடு வந்தபின், சேதம் என்பது எதிர்பார்த்த செலவாக இல்லாமல் தாங்கமுடியாத நஷ்டமாயிற்று. தகரம் தட்டுவதும், தீப்பந்தம் எறிவதும், நாட்டுத் துப்பாக்கியும் இவற்றோடு கூடவே வந்தன. பிரிட்டிஷ் இந்தியாவில் வருஷந்தோறும் காட்டு மிருகங்களால் மாண்ட மனிதர்களின் கணக்கையும் கொல்லப்பட்ட மிருகங்களின் கணக்கையும் சர்க்கார் பிரசுரித்து வந்தது. புலி, சிறுத்தை, ஓநாய்களோடு கரடிக்கும் அந்தப் பட்டியலில் தனிப் பத்தி இருந்தது.

இதற்குப் பிந்திய காலத்தில் மலை மாறிய வேகம் பிரமிக்கத்தக்கது. இரண்டாவது மகாயுத்த காலத்தில் உணவுப் பஞ்சம் தலைகாட்டியபோது, ஏலமலைகளிலும் அவற்றையடுத்த காடுகளிலும் உணவுப் பயிர் செய்யக் குத்தகைக்கு நிலம் விடப்பட்டது. மேற்கேயிருந்து, பாலா, காஞ்சிரப்பள்ளி முதலிய ஊர்களிலிருந்து, மலையாளக் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக மலையேறின. 1955-இல் முதலமைச்சர் பட்டம் தாணு பிள்ளையின் ஆட்சிக்காலத்துக் குடியேற்றத் திட்டம் கல்லாறு முதலிய இடங்களில் குடும்பத்துக்கு 5 ஏக்கர் வீதம் நிலம் அளித்தது. மறுபுறம், 1961-இல் ஐயப்பன்கோவிலிலிருந்து குடியேறிகள் வெளியேற்றப்பட்டுக் குமுளிக்கருகே அமராவதியில் மழையில் கொண்டுவந்து விடப்பட்டதும், அவர்களுக்காகக் கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ. கே. கோபாலன் உண்ணாவிரதம் இருந்ததும் கேரளம் முழுவதையும் கலக்கிய சம்பவங்கள். மேற்கேயிருந்து வந்த குடியேறிகளின் முதல் தலைமுறை, தாங்கள் அறியாத காட்டில், ஊராளிகளிடமிருந்து கற்ற ஏறுமாடத்தில்தான் தங்கள் முதல் இரவுகளைக் கழித்தது. தாய்மார் பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு அந்தியில் ஏணியேறி, விடிந்தபின் இறங்கினார்கள். கீழே நட்ட மரவள்ளியைப் பன்றி தோண்டும். வாழையை யானை சாய்க்கும். மேலேயிருந்து தகரத்தைத் தட்டிக் கூவுவதைத் தவிர அவர்களால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. நிலம் திருந்தத் திருந்த மாடத்திலிருந்து தரைக்கு இறங்கினார்கள். ஈற்றைத் தட்டி மண்சுவராயிற்று, மண்சுவர் கல்சுவராயிற்று. வீட்டைச் சுற்றிப் பலாவும் நட்டார்கள். பசி காலத்தில் குடும்பத்தைக் காப்பாற்றியது அந்தப் பலாமரந்தான். ஆனால் வைகாசி, ஆனி மாதங்களில் பழுத்த பலாவின் வாசனை காற்றில் ஏறிவிட்டால், காட்டின் ஓரத்திலுள்ள வீட்டுக்கு விருந்தாளி வருவது நிச்சயம்.

வண்டன்மேட்டைச் சுற்றி இன்று கரடியின் தொந்தரவு முன்போல் பெரிதாகப் பேசப்படுவதில்லை. காடு தோட்டமாகவும் தோட்டம் ஊராகவும் நெருங்கிவிட்டபின், அது தெற்கே பெரியாறு சரணாலயத்தின் அடர்த்திக்கும் கிழக்கே மேகமலைக்கும் ஒதுங்கிவிட்டது. 1934-இல் திருவிதாங்கூர் அரசு பெரியாற்று நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காட்டை வேட்டை விலங்குக் காப்பகமாக ஒதுக்காதிருந்தால் ஒதுங்குவதற்கே இடம் இருந்திராது. வடக்கே சின்னக்கானல், சாந்தன்பாறைப் பக்கத்திலோ கரடியின் ஸ்தானத்தை யானை எடுத்துக்கொண்டது. அரிக்கொம்பன் என்று ஜனங்கள் பெயரிட்ட ஒற்றை ஆண் யானை, பன்னியாறு எஸ்டேட்டின் ரேஷன் கடையை மீண்டும் மீண்டும் உடைத்து அரிசி தின்றதும், தொழிலாளர் வீடுகளின் சமையலறைச் சுவர்களைத் தள்ளியதும், 2023 ஏப்ரல் 29-ஆம் தேதி மயக்க ஊசி செலுத்தப்பட்டுப் பெரியாற்றுக் காட்டில் விடப்பட்டதும், ஒரு மாதத்துக்குள் அது மலையிறங்கிக் கம்பம் பட்டணத்தின் தெருக்களில் ஓடியதும், ஜூனில் தமிழ்நாட்டு வனத்துறையால் மறுபடி பிடிக்கப்பட்டு அகத்தியமலையின் மேல் கோதையாற்றுக் காட்டில் விடப்பட்டதும் யாவரும் அறிந்தவை. அந்த யானை நடமாடிய ஆனையிறங்கல் அணையின் கரையில்தான், நிலமற்ற ஆதிவாசிக் குடும்பங்கள் 301-க்கு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மனை பிரித்துக் கொடுத்தார்கள். யானையின் வழியில் குடியமர்த்தப்பட்டவர்களில் பலர் பின்னர் வீட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். காட்டை அறிந்த ஜனங்களைக் காடு அறியாதவர்கள் தேர்ந்த இடத்தில் குடியேற்றியது பெரும் அநியாயம் என்றே சொல்ல வேண்டும்.

கரடியின் வீட்டுப் பிரவேசத்தை இன்று பார்க்க வேண்டுமானால் நீலகிரிக்குத்தான் போக வேண்டும். கோத்தகிரி, குன்னூர் வட்டாரத்துத் தேயிலைத் தோட்டங்களில், பராமரிப்பின்றிப் புதர் மண்டிய சரிவுகளில் பகலைக் கழித்துவிட்டு, இரவில் கரடிகள் ஊருக்குள் வருகின்றன. அவை நாடுவது பெரும்பாலும் எண்ணெய். கோயில் கதவை உடைத்து விளக்கிலிருக்கும் எண்ணெயையும் நெய்யையும் குடிக்கின்றன; பள்ளிக்கூடத்துச் சத்துணவு மையத்தில் புகுந்து பருப்பையும் முட்டையையும் எண்ணெயையும் காலி செய்கின்றன; ரேஷன் கடையில் சர்க்கரை மூட்டையைக் கிழிக்கின்றன. தோட்டத் தொழிலாளர் லயங்களின் மரக்கதவு அவற்றுக்கு ஒரு பொருட்டன்று. கொள்கை ஒன்றுதான்: ஏலத்தோட்டத்துக் காவல் ஷெட்டில் நசுங்கிக் கிடந்த அந்த எண்ணெய்த் தகரம் இங்கே கோயில் விளக்காகியிருக்கிறது. மயக்க ஊசி போட்டு வேறு காட்டில் கொண்டு விட்டாலும் பண்டம் இருந்த இடத்தில் இருக்கும்வரை இன்னொரு கரடி வரும்.

சட்டத்தின் நிலை தெளிவானது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கரடி இடம் பெற்றிருக்கிறது. அதைக் கொல்வதும் பிடிப்பதும் கடுங்குற்றம். வனவிலங்குகளால் உயிருக்கும் பயிருக்கும் வீட்டுக்கும் நேரும் நஷ்டத்துக்கு ஈடு கொடுப்பதற்குக் கேரள அரசு 1980-இல் தனி விதிகளை இயற்றியது. ஆனால் உடைந்த கதவை விட்டுவிட்டு விண்ணப்பமும் சான்றிதழும் தேடி அலைய வேண்டியிருப்பதால், தினக்கூலிக்காரனுக்கு அந்த ஈடு எட்டாக்கனியாகவே இருந்துவிடுகிறது. ஈடு தாமதமாகும் இடத்தில் கண்ணியும் வெடியும் நுழைகின்றன. பன்றிக்கென்று பழத்துக்குள் வைக்கும் வெடி எந்த வாயில் வெடிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது; 2020-இல் பாலக்காட்டு ஜில்லாவின் காட்டோரத்தில் கர்ப்பிணி யானை ஒன்று அப்படி வாய் சிதைந்து ஆற்றில் நின்றபடியே மாண்டதை நினைத்தால் இன்றும் நெஞ்சம் பதறுகிறது.

நல்லெண்ணத்தோடு செய்யும் உதவியும் எப்போதும் பலிப்பதில்லை. 2023 ஏப்ரலில் திருவனந்தபுரத்துக்கருகே வெள்ளநாட்டில் கோழிகளைத் தேடி வந்த ஒரு கரடி வீட்டுக் கிணற்றில் விழுந்தது. கிணற்றில் தண்ணீர் இருக்கும்போதே அதற்கு மயக்க ஊசி செலுத்தினார்கள். வலை அதைத் தாங்குவதற்குள் மயங்கி மூழ்கி இறந்துபோயிற்று. திறந்த கிணற்றுக்கு ஒரு கைப்பிடிச் சுவரும், கோழிக்கு ஓர் உறுதியான கூண்டும் இருந்திருந்தால் அந்தப் பிராணியும் வந்த வழியே போயிருக்கும், அந்தக் குடும்பத்துக்கும் துயரம் நேர்ந்திராது.

இந்நாளில் தோட்டக்காரர்கள் பெரிதும் நம்புவது சூரிய மின்வேலியை. பன்னிரண்டு வோல்ட் பாட்டரியிலிருந்து ஒரு சிறு யந்திரம் நொடிக்கொருமுறை சில ஆயிரம் வோல்ட் அதிர்ச்சியைக் கம்பியில் செலுத்துகிறது. தொட்ட பிராணிக்கு உயிர்ச்சேதம் இல்லை, திடுக்கிட்டு விலகும். பரண்காவலின் துயரத்தை இது குறைத்தது உண்மை. ஆனால் ஏலமலையின் மழையில் களை ஒரு வாரத்தில் கம்பியைத் தொட்டுவிடும். தொட்டவுடன் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். யானை தந்தத்தால் கம்பியை அறுக்கவும், மரத்தைத் தள்ளிக் கம்பத்தைச் சாய்க்கவும் கற்றுக்கொள்கிறது. அடர்ந்த ரோமமுள்ள கரடிக்கு மூக்கில் பட்டாலன்றி அதிர்ச்சி உறைக்காது. கம்பி உயரமாக இருந்தால் அது அடியில் தோண்டி வந்துவிடும். ஆகவே கரடி நடமாடும் இடங்களில் கீழ்க்கம்பி தரைக்கு ஒரு சாண் உயரத்துக்குள் ஓட வேண்டும். அந்தக் கம்பியின் அடியில் களை பறிப்பதற்கென்றே கூலி ஒதுக்காமல் வேலி போடுவது வீண் செலவு. வால்பாறையில் யானை இருக்குமிடத்தைக் கைபேசிச் செய்தியாலும் மேட்டில் எரியும் சிவப்பு விளக்காலும் தொழிலாளர்களுக்கு அறிவிக்கும் ஏற்பாடு பல உயிர்களைக் காத்திருக்கிறது. கரடிக்கு அந்த வகை அவ்வளவாகப் பொருந்தாது, ஏனெனில் அது சத்தமில்லாமல் தனியே வரும்.

கரடி நடமாட்டம் அறியப்பட்ட ஊர்களில் வீட்டாரும் பூசாரிகளும் தாமாகவே கைக்கொண்ட பழக்கங்கள் சில உண்டு. சாயரட்சை முடிந்ததும் விளக்கில் மிஞ்சிய எண்ணெயைச் சீசாவில் ஊற்றி வீட்டுக்கு எடுத்துப் போய்விடுகிறார்கள். பலாக்காயைப் பழுக்க விடாமல் பிஞ்சிலேயே வெட்டிக் கறிக்கு உபயோகிக்கிறார்கள், மிஞ்சியதை உலர்த்துகிறார்கள், அதுவும் முடியாவிட்டால் வெட்டிப் புதைக்கிறார்கள். சுவரில் கரையான் மண் கோடிட்ட அன்றே சுரண்டிச் சுண்ணாம்பு பூசுகிறார்கள். மீன் கழுவின தண்ணீரை வாசலில் கொட்டுவதில்லை. ரேஷன் அரிசியை மாதத்துக்கு மொத்தமாக வாங்கி வைக்காமல், கடைக்காரர் இசைந்தால் வாரத்துக்கு வாரம் வாங்குகிறார்கள். விடியற்காலையிலும் அந்தியிலும் ஏலக்காட்டுப் பாதையில் போகும் பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, உரக்கப் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். கண் மந்தமான பிராணி திடீரென்று அருகில் மனிதரைக் கண்டு அஞ்சும்போதுதான் பாயும் என்பது அவர்களுக்குத் தெரியும். மார்கழி, தை மாதங்களில் பாறைக் குகைகளின் பக்கம் விறகுக்குப் போவதில்லை. தாய்க்கரடி அப்போதுதான் குட்டிகளோடு உள்ளே இருக்கும். இவற்றில் எதற்கும் சர்க்கார் உத்தரவு தேவைப்பட்டதில்லை. சர்க்கார் செய்ய வேண்டியது வேறு: காட்டோரத்துச் சத்துணவு மையங்களுக்கும் ரேஷன் கடைகளுக்கும் மரக்கதவை நீக்கி இரும்புக்கதவு போடுவதும், சரக்கை இரவில் வைப்பதற்கு ஊரின் நடுவில் ஓர் அறை கட்டுவதும், உடைந்த வீட்டுக்குரிய ஈட்டை அடுத்த மழைக்கு முன் கையில் கொடுப்பதும்.